பஞ்சாயத்துக்கு ஷரத்து எழுதிய சந்தானம்

மலர்க் குழுவினர் இந்த வருடமும் என்னிடம் கட்டுரை கேட்டார்கள். போன மலரில் பாலங்களைப் பற்றி எழுதியாயிற்று. இந்தத் தடவை ஒரு மனிதரைப் பற்றி எழுதுகிறேன் என்று சொன்னேன். யார் என்று கேட்டார்கள். கே. சந்தானம் என்றேன். போனின் மறுபக்கத்தில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், சினிமா நடிகரா சார் என்று ஒரு சந்தேகம் வந்தது! நம்முடைய மூத்த பேராசிரியர்களைக் கேட்டிருந்தால் உடனே சொல்லியிருப்பார்கள். ஒரு காலத்தில் பேப்பரில் தினமும் அடிபட்ட பெயர் அது. லஞ்ச ஒழிப்பு என்றால் சந்தானம் கமிட்டி, நிதிப் பங்கீடு என்றால் சந்தானம் கமிஷன். ஆனால் நான் எழுத வந்தது அவர் பஞ்சாயத்துக்குச் செய்த காரியத்தைப் பற்றி.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். லாகூரில் லக்ஷ்மி இன்ஷூரன்ஸ் கம்பெனியை நடத்திய பண்டித சந்தானம் வேறு. நம்மவர் கஸ்தூரிரங்க சந்தானம். பிறந்த வருடம் 1895. சட்டம் படித்துவிட்டு, காந்திஜியின் ஒத்துழையாமை இயக்கம் வந்ததும் வக்கீல் தொழிலை விட்டவர். ராஜாஜியின் அணுக்கத் தொண்டர்களில் ஒருவர். 1925-ல் திருச்செங்கோட்டுப் பக்கம் ராஜாஜி காந்தி ஆசிரமம் தொடங்கியபோது உடன் இருந்தார். 1930-ல் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பெடுக்கப் போன யாத்திரையிலும் முன்னணியில் நின்றார். 1930-களில் இந்தியன் எக்ஸ்பிரஸ் ஆசிரியர், டில்லி சட்டசபை உறுப்பினர்; 1940-களில் ஹிந்துஸ்தான் டைம்ஸின் இணையாசிரியர். கதர் மூட்டை, ஜெயில், பத்திரிகை, சட்டசபை என்று நாலையும் பார்த்த பிறகு, சென்னை மாகாணத்தின் சார்பில் அரசியல் நிர்ணய சபைக்குப் போனார்.

அங்கே அவர் பேசியதில் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வரும். அதிகாரத்தை மேலே குவித்தால் நாடு பலமாகிவிடும் என்ற எண்ணம் தப்பு என்பதுதான் அது. 1947 ஆகஸ்டில், சுதந்திரம் வந்து சில நாட்களே ஆன சமயம். தேசப் பிரிவினையின் ரத்தம் காயவில்லை. மத்திய அரசு வலுவாக இருக்கணும் என்று எல்லாரும் பேசுகிற நேரம். அப்போது எழுந்து, பலம் என்பது பொறுப்புகளை வாரிச் சுருட்டிக்கொள்வதில் இல்லை, வேண்டாததை உதறிவிடுவதில் இருக்கிறது என்ற கருத்தில் வாதாடினார். பள்ளிக்கூடத்துக்கும் சுகாதாரத்துக்கும் ரோட்டுக்கும் காசு கேட்டு மாகாணங்கள் மத்திய அரசின் வாசலில் கையேந்தும்படியான அரசியல் சட்டம் தனக்கு வேண்டாம் என்றார். எஞ்சினியர் பாஷையில் சொன்னால், எல்லா பாரத்தையும் ஒரே தூணில் ஏற்றாதே என்கிற கணக்கு.

இனி கிராமப் பஞ்சாயத்து விவகாரத்துக்கு வருவோம். 1948 பிப்ரவரியில் வெளியான வரைவுச் சட்டத்தில் கிராமம், பஞ்சாயத்து என்ற பேச்சே கிடையாது. காந்திஜி மறைந்து ஒரு மாதம்கூட ஆகாத சமயம்! சபைத் தலைவர் ராஜேந்திர பிரசாத்துக்கே மனசு ஒப்பவில்லை. கிராமத்திலிருந்து தொடங்கி மேல்நோக்கிக் கட்டினால் என்ன என்று 1948 மே மாதம் சட்ட ஆலோசகர் பி.என். ராவுக்கு எழுதினார். நேரடித் தேர்தல் என்று சபை ஏற்கெனவே முடிவு செய்துவிட்டது, இனி அஸ்திவாரத்தை மாற்றுவது கஷ்டம் என்ற பொருளில் பதில் வந்தது.

1948 நவம்பர் 4-ம் தேதி டாக்டர் அம்பேத்கர் வரைவைச் சபையில் வைத்துப் பேசினார். கிராமத்தைப் பற்றி அவர் சொன்னது பலரைச் சுருக்கென்று தைத்தது. கிராமங்கள் அறியாமைக்கும் குறுகிய புத்திக்கும் ஜாதி வெறிக்கும் உறைவிடம், வரைவுச் சட்டம் கிராமத்தைத் தள்ளிவிட்டுத் தனி மனிதனை அலகாக எடுத்ததே சந்தோஷம் என்பது அவர் வாதம். எச்.வி. காமத், என்.ஜி. ரங்கா உள்பட ஏகப்பட்ட பேர் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். கிராமத்தை இழிவாகப் பேசிவிட்டார் என்று கோபம். அம்பேத்கர் எங்கிருந்து பேசினார் என்பதைக் கவனித்தவர்கள் குறைவு. ஊருக்கு வெளியே, பொதுக் கிணற்றில் தண்ணீர் எடுக்க முடியாத ஒரு தெருவிலிருந்து பார்த்தால் கிராமம் எப்படித் தெரியும்? உத்திரமேரூர்க் குடவோலையைப் பெருமையாகச் சொல்கிறோம். சொல்ல வேண்டியதுதான். ஆனால் நிலமும் வேதப் படிப்பும் உள்ளவர்தான் அந்தப் பானையில் பெயர் போட முடியும் என்று அதே கல்வெட்டில் இருக்கிறதே!

இந்தச் சூட்டுக்கு நடுவில்தான் சந்தானம் வருகிறார். இங்கே ஒரு சுவாரஸ்யம் உண்டு. காங்கிரஸும் காந்தியும் தீண்டப்படாதவர்களுக்கு என்ன செய்தார்கள் என்று அம்பேத்கர் எழுதிய புத்தகத்துக்கு 1946-ல் மறுப்பு எழுதிப் புத்தகமாகப் போட்டவர் இதே சந்தானம். இருவரும் எதிரெதிர்க் கரையில் நின்றவர்கள். இப்போது ஒரே சபையில். சந்தானம் அப்போது ரயில்வே, போக்குவரத்துத் துறையின் ராஜாங்க மந்திரியும்கூட.

பஞ்சாயத்துக்காகப் பலர் திருத்தங்கள் கொடுத்திருந்தார்கள். கிராமம் தன்னிறைவு பெறணும் என்று சிலர் நிபந்தனை சேர்த்திருந்தார்கள். அதையெல்லாம் அப்படியே வைத்திருந்தால் சபை இரண்டு பட்டிருக்கும். சந்தானம் அத்தனையையும் கழித்து ஒரே வாக்கியமாக்கினார். கிராமப் பஞ்சாயத்துகளை அமைக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும், அவை சுயாட்சி அலகுகளாக இயங்கத் தேவையான அதிகாரங்களை அவற்றுக்குத் தர வேண்டும். இவ்வளவுதான் சாரம். விவரங்களை அந்தந்த மாகாணச் சட்டசபை பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். நவம்பர் 22-ம் தேதி 31-ஏ என்ற புது ஷரத்தாக அதைக் கொண்டுவந்தார். அம்பேத்கர் எழுந்து, ஏற்றுக்கொள்கிறேன் என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். சென்னை மாகாணத்தின் முன்னாள் பிரதமர் டி. பிரகாசம் வரவேற்றுப் பேசினார். திருத்தம் நிறைவேறியது. இன்று அரசியல் சட்டத்தில் 40-வது ஷரத்து என்று நாம் படிப்பது அதைத்தான்.

சண்டை போடாமல் காரியம் முடிந்தது. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. 40-வது ஷரத்து இருப்பது வழிகாட்டு நெறிகள் பகுதியில். அரசு செய்யவில்லை என்றால் கோர்ட்டுக்குப் போக முடியாது. டிராயிங்கில் படிக்கட்டு இருக்கிறது, கான்ட்ராக்டில் இல்லை என்பது மாதிரி. சட்டம் வந்த பிறகு சில மாநிலங்கள் பஞ்சாயத்துத் தேர்தல் நடத்தின, சில தள்ளிப்போட்டன, சில கலைத்தன. நம் மாநிலத்தில் 1958-ல் வந்த சட்டம் ஊராட்சி, ஊராட்சி ஒன்றியம் என்ற அமைப்பைத் தந்தது. ஒரு காலம் நன்றாகவே ஓடியது. அப்புறம் இங்கேயும் வருடக்கணக்கில் தேர்தல் இல்லாத காலங்கள் வந்தன.

சந்தானம் எழுதிவிட்டோம் என்று ஒதுங்கவில்லை. 1952 முதல் 1956 வரை விந்தியப் பிரதேசத்தின் லெப்டினன்ட் கவர்னராக இருந்தார். 1956-ல் இரண்டாவது நிதிக் கமிஷனின் தலைவர். வருமான வரியில் மாநிலங்களின் பங்கை 55 சதவீதத்திலிருந்து 60 சதவீதமாக உயர்த்தியது அந்தக் கமிஷன்தான். 1960-ல் வந்த மத்திய-மாநில உறவு பற்றிய நூலில், திட்டக் கமிஷன் ஆட்சியில் கூட்டாட்சி பெயரளவுக்குத்தான் இருக்கிறது என்று கவலைப்பட்டார். 1962-ல் லால் பகதூர் சாஸ்திரி அமைத்த லஞ்ச ஒழிப்புக் கமிட்டிக்கும் தலைமை ஏற்றார். 1964-ல் மத்திய கண்காணிப்பு ஆணையம் பிறந்தது அந்தக் கமிட்டியின் யோசனைப்படிதான்.

இதற்கு நடுவே 1963-ல் பஞ்சாயத்துகளின் நிதி நிலைமையை ஆராயும் குழுவுக்குத் தலைவரானார். எனக்கு இந்த அறிக்கைதான் முக்கியமாகப் படுகிறது. பஞ்சாயத்துக்கு அதிகாரம் என்று எழுதினவருக்கே, காசில்லாத அதிகாரம் தண்ணீர் வராத குழாய் என்று புரிந்திருக்கிறது. நிலத்தீர்வையின் மேலும் வீட்டின் மேலும் வரி போடும் உரிமை வேண்டும், மேலிருந்து வரும் மானியங்களைத் துண்டு துண்டாகத் தராமல் ஒன்றாகச் சேர்த்துத் தர வேண்டும், பஞ்சாயத்துகளுக்குக் கடன் தரத் தனி நிதிக் கழகம் வேண்டும் என்றெல்லாம் அந்தக் குழு சொன்னது. 1965-ல் பஞ்சாயத்துத் தேர்தல்கள் பற்றிய குழுவுக்கும் அவரே தலைவர். அறிக்கைகள் வந்தன. காரியம் பெரிதாக நடக்கவில்லை. 1980 பிப்ரவரி 28-ம் தேதி சந்தானம் காலமானார்.

அவர் காலத்துக்குப் பிறகுதான் கதை நகர்ந்தது. 1989 மே மாதம் ராஜீவ் காந்தி 64-வது திருத்த மசோதாவைக் கொண்டுவந்தார். மக்களவை தாண்டியது. மாநிலங்களைத் தாண்டிக் கிராமத்தோடு மத்திய அரசு நேரடியாகக் கைகோக்கப் பார்க்கிறது என்று எதிர்க்கட்சிகள் சந்தேகப்பட்டன. அக்டோபரில் மாநிலங்களவையில் சில ஓட்டுக் குறைவால் மசோதா விழுந்தது. பிறகு 1992 டிசம்பரில் இரு சபைகளும் 73-வது திருத்தத்தை நிறைவேற்றின. 1993 ஏப்ரல் 24-ல் அமலுக்கு வந்தது. ஐந்து வருடத்துக்கு ஒரு தேர்தல், பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத இடம், தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் இட ஒதுக்கீடு, மாநில நிதி ஆணையம், 29 துறைகளின் பட்டியல் எல்லாம் வந்தன. அதிகாரம் பற்றிய 243-ஜி ஷரத்தைப் படித்துப் பாருங்கள். சந்தானம் 1948-ல் எழுதிய வார்த்தைகளே கிட்டத்தட்ட அப்படியே இருக்கின்றன! அலகுகள் என்ற இடத்தில் அமைப்புகள் என்று மாறியிருக்கிறது. அவர் மாகாணங்களுக்கு விட்ட தாராளமும் அப்படியே இருக்கிறது. தேர்தல் கட்டாயம், எவ்வளவு அதிகாரம் என்பது மாநிலத்தின் இஷ்டம்.

அம்பேத்கரின் பயமும் பொய்யாகவில்லை. 1997 ஜூன் 30-ல் மதுரை மாவட்டம் மேலவளவில், தனித்தொகுதியில் ஜெயித்த ஊராட்சித் தலைவர் முருகேசனையும் உடன் இருந்த ஐந்து பேரையும் வெட்டிக் கொன்றார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் 2006 வரை முறையாகத் தேர்தலையே நடத்த முடியவில்லை. சந்தானத்தின் ஷரத்து ஊருக்கு அதிகாரம் கேட்டது. ஊருக்குள் யாருக்கு என்று அது கேட்கவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்டவர் அம்பேத்கர். இட ஒதுக்கீட்டோடு வந்த 73-வது திருத்தம் இருவரின் குரலையும் ஒரே காகிதத்தில் சேர்த்த ஏற்பாடு என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன்.

நான் குடிநீர்த் திட்டங்களில் வேலை பார்க்கிறவன். நம் மாநிலத்தில் 2016 அக்டோபரிலிருந்து 2019 டிசம்பர் வரை ஊராட்சிகளில் தேர்ந்தெடுத்த தலைவரே கிடையாது. தனி அலுவலர்கள்தான். அந்தச் சமயம் நான் போன ஒரு கிராமத்தில் போர்வெல் மோட்டார் எரிந்து போய்விட்டது. காயில் கட்ட ஒரு நாள், இறக்கி ஏற்ற அரை நாள். வேலை அவ்வளவுதான். ஆனால் எஸ்டிமேட், கையெழுத்து என்று பதினெட்டு நாள் ஆனது. அதிகாரி கெட்டவர் இல்லை. அவர் தலையில் ஏகப்பட்ட ஊராட்சிகள். டேங்க் ஆப்பரேட்டர் பாவம், தன் சைக்கிளில் குடம் கட்டி வயசான இரண்டு பாட்டிகளுக்கு மட்டும் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தார். 2020-ல் அதே ஊருக்கு மறுபடி போனேன். புதுத் தலைவர் ஒரு பெண். மோட்டார் மறுபடி எரிந்திருந்தது. அன்று காலை அவர் வீட்டு வாசலில் இருபது குடம் வரிசையில் நின்றது. மூன்றாம் நாள் தண்ணீர் வந்துவிட்டது. சட்டம் ஒன்றுதான், மோட்டாரும் ஒன்றுதான். வாசலில் போய் நிற்க ஒரு ஆள் இருந்தார், அவ்வளவுதான் வித்தியாசம்.

நம் கல்லூரியில் படித்தவர்கள் மெட்ரோ ரயிலிலும் மின் நிலையத்திலும் வெளிநாட்டிலும் இருக்கிறோம். பெரும்பாலோர் வந்தது கிராமத்திலிருந்துதான். பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள் ஜனவரி 26 வரை லீவை நீட்டிக்க முடியுமா என்று பாருங்கள். அன்று கிராம சபை கூடும். வரவு செலவு வாசிப்பார்கள். கணக்குத் தெரிந்தவர்கள் நாம். உட்கார்ந்து கேட்டு, குழாய்க்கும் மோட்டாருக்கும் ஆன செலவு சரியா என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டு வாருங்கள். அந்தக் கேள்வி கேட்கிற உரிமைக்குப் பின்னால், 1948 நவம்பரில் ஒரு தமிழர் நிதானமாக எழுதிக் கொடுத்த ஒரு வாக்கியம் இருக்கிறது.