ஸ்ரீ மா. கிருஷ்ணன்

பழவேற்காட்டு ஏரியில் பனிக்காலத்தில் வந்திறங்கும் பூநாரைக் கூட்டத்தை நமது திருவள்ளூர் ஜில்லாப் பிள்ளைகளில் எத்தனை பேர் கண்டிருக்கிறார்கள்? கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலைகளின் பெயர்களை வரிசையாக ஒப்பிக்கும் சிறுவனுக்குக் கொக்குக்கும் நாரைக்கும் பேதம் தெரிவதில்லை. குற்றம் சிறுவனுடையதன்று, கற்பிப்போருடையது. இதை நினைக்குந்தோறும் காலஞ்சென்ற ஸ்ரீ மா. கிருஷ்ணனின் ஞாபகம் நமக்கு வருகிறது.

பத்மாவதி சரித்திரம் எழுதிய அ. மாதவையாவின் கடைசிக் குமாரராக 1912ல் திருநெல்வேலியில் பிறந்தவர் அவர். வளர்ந்தது மயிலாப்பூரில். அக்காலத்து மயிலாப்பூர் புதர்களும் நரிகளும் நிறைந்த இடம். கீரிப்பிள்ளை ஒன்றை வளர்த்து மகிழ்ந்த பையனுக்கு அதுவே முதற் பள்ளிக்கூடம். 1925ல் தந்தை மறைந்தார். பின்னர் பிரஸிடென்ஸி கலாசாலையில் பயின்றார். சட்டமும் படித்தார். ஆனால் வக்கீல் தொழில் அவரைக் கவரவில்லை. நம்மைப் போன்ற வக்கீல்கள் அதற்காக வருந்த வேண்டுவதில்லை. நமது கூட்டத்தில் ஒருவர் குறைந்ததால் நஷ்டமில்லை.

1942ல் பெல்லாரிப் பக்கத்துச் சந்தூர் சமஸ்தானத்தில் வேலைக்கு அமர்ந்தார். உபாத்தியாயர், நியாயாதிபதி, விளம்பர அதிகாரி, மகாராஜாவின் அரசியல் காரியதரிசி என்று பல வேஷங்கள்! இவற்றினிடையே ஆடு மேய்த்தார், புறாக்கள் வளர்த்தார், மலைக்காட்டில் சுற்றினார். 1949ல் சமஸ்தானம் சென்னை மாகாணத்துடன் இணைந்தது. உத்தியோகம் புருஷ லட்சணம் என்று கருதும் நம் நாட்டில், மனைவியும் மகனும் உள்ள ஒருவர் எழுத்தையும் புகைப்படத்தையுமே நம்பி ஜீவிக்கத் துணிந்தார். பத்திரிகைகள் அளிக்கும் சன்மானம் எத்தன்மையது என்பதைப் பத்திரிகை நடத்தும் நாமே சொல்லிக்கொள்வது அழகன்று.

பல உறுப்புகளைத் தாமே ஒன்றுசேர்த்து அமைத்த பெரிய காமிரா ஒன்றுக்கு 'சூப்பர் பாண்டரோஸா' என்று வேடிக்கையாய்ப் பெயரிட்டிருந்தார். அதைச் சுமந்துகொண்டு, கால்நடையாகவும் பழகிய யானைமீதேறியும் காடு புகுந்து, கறுப்பு வெள்ளைப் படங்கள் எடுத்தார். சுவரில் மாட்டும் அலங்காரப் பொருளாகப் படத்தை அவர் கருதவில்லை. பிராணியின் நடத்தைக்கு அது சாட்சியம். 1968ல் ஜவாஹர்லால் நேரு பெயரிலமைந்த உதவிச் சம்பளம் பெற்று, தென்னிந்தியாவின் பெரிய பாலூட்டிகளை ஆராய்ந்தார். அவ்வாராய்ச்சி 1975ல் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் புத்தகமாக வெளிவந்தது. 1970ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. நகரச் சாலைகளில் அந்நிய மரங்களை நடுவதை விடாது கண்டித்தார். நம் மண்ணின் மரங்களுக்காக வாதாடினார். இவ்விஷயத்தில் அவருடைய பிடிவாதம் சிலருக்கு மிகையாய்த் தோன்றியிருக்கலாம். நமக்கு அவர் கட்சியே நியாயமாகப் படுகிறது.

அவர்மீது நமக்குள்ள மனக்குறை ஒன்றுதான். தமிழில் இவ்வளவு நன்றாக எழுதக்கூடியவர், பெரும்பகுதியை ஆங்கிலத்திலேயே எழுதிவிட்டார். தமிழ்க் கட்டுரைகளைத் தியடோர் பாஸ்கரன் 2002ல் 'மழைக்காலமும் குயிலோசையும்' என்ற நூலாகத் தொகுத்தளித்தார். நம் ஜில்லாவின் ஒவ்வொரு பள்ளிக்கூடப் புத்தகசாலையிலும் அதன் பிரதி ஒன்று இருக்கவேண்டும்.

கல்கத்தா ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் 1950ல் ஆரம்பித்த பத்தியை நாற்பத்தாறு ஆண்டுகள் இடைவிடாது எழுதினார். கடைசிக் கட்டுரை வெளியானது 1996 பிப்ரவரி 18ந் தேதி. அன்றே அவர் காலமானார்.