விடுபட்டுப்போன ஓர் எண்

மரக்காணம் உப்பளங்களில் விளையும் உப்பு இன்று எடையிட்டு விற்கப்படுகிறது. முகத்தலளவை வழக்கிலிருந்த நாளில் மரக்காலே அளவு. பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். பத்து என்னும் எண்ணுக்கு நான்கு காரணிகளே உண்டு; பன்னிரண்டுக்கோ ஆறு. இருவர், மூவர், நால்வர், அறுவர் என எவரும் மீதமின்றிப் பங்கிட்டுக்கொள்ளலாம். பன்னிரண்டுக்குக் கீழுள்ள எந்த எண்ணுக்கும் ஆறு காரணிகள் இல்லை. இவ்வாறு தனக்குக் கீழுள்ள எல்லா எண்களையும்விட அதிகக் காரணிகளைக் கொண்ட எண்கள் உயர் பகு எண்கள் எனப்படும். அவற்றின் இயல்பை விரிவாக ஆராய்ந்தவர் சீனிவாச இராமானுஜன்.

1887இல் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த அவர், துணிக்கடை எழுத்தர் ஒருவரின் மகன். காகிதம் வாங்க வசதியின்றிச் சிலேட்டில் கணக்கிட்டு, முடிவுகளை மட்டும் குறிப்பேட்டில் எழுதினார். கணிதம் தவிர்த்த பாடங்களில் தேறாததால் உதவித்தொகையையும் கல்லூரிப் படிப்பையும் இழந்தார். 1910இல் அவர் வேலை தேடிச் சென்ற திருக்கோவிலூர், மரக்காணத்தைப் போலவே அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தது. அங்கே துணை ஆட்சியராக இருந்த வி. இராமசாமி ஐயர், இந்தியக் கணிதக் கழகத்தை நிறுவியவர். எழுத்தர் பணி கேட்டு வந்தவரின் குறிப்பேட்டைப் பார்த்த அவர், இத்திறமையை அலுவலக மேசையில் முடக்க மனமின்றி, சென்னைக் கணித அறிஞர்களுக்கு அறிமுகக் கடிதம் அளித்தார்.

1914இல் கேம்பிரிட்ஜ் சென்ற இராமானுஜன், மறு ஆண்டே உயர் பகு எண்கள் குறித்த நெடுங்கட்டுரையை வெளியிட்டார். அதிலுள்ள பட்டியலின் இறுதி எண் 67,46,32,83,88,800. ஆறே முக்கால் இலட்சம் கோடியை நெருங்கும் இவ்வெண்ணுக்கு 10,080 காரணிகள் உண்டு. 1 முதல் 28 வரை எந்த எண்ணாலும் இது மீதமின்றி வகுபடும். கணிப்பொறி இல்லாத காலத்தில் கையால் கணக்கிட்டுச் சேர்த்த பட்டியல் அது. அதில் ஓர் எண் விடுபட்டுப்போயிற்று: 2,93,31,86,25,600. 5,040 காரணிகள் கொண்ட இவ்வெண்ணை 23ஆல் பெருக்கினால் பட்டியலின் இறுதி எண்ணே கிடைக்கும்.

இராமானுஜனின் கணிதத்தைத் தெய்வ அருளாக மட்டுமே போற்றுவோர் இந்த விடுபாட்டை எண்ணிப் பார்க்க வேண்டும். வரிசையாகக் கணக்கிட்டு, சரிபார்த்து, களைத்துப் போகிற மனிதரின் உழைப்பு அதில் தெரிகிறது. 1916இல் அந்த ஆய்வுக்காகவே கேம்பிரிட்ஜ் அவருக்கு இளங்கலைப் பட்டம் வழங்கியது. உலகப் போரின்போது லண்டன் கணிதக் கழகம் பண நெருக்கடியில் இருந்ததால், அக்கட்டுரையின் ஒரு பகுதி மட்டுமே அன்று அச்சேறியது. எஞ்சியது 1997இல்தான் வெளிவந்தது. அதற்கு 77 ஆண்டுகளுக்கு முன்பே, 1920 ஏப்ரல் 26 அன்று, தம் 32ஆம் வயதில் சென்னையில் இராமானுஜன் மறைந்துவிட்டார்.

சிலேட்டுக்கும் அச்சுக்கூடத்துக்கும் இடையே அவருக்குக் குறுக்கே நின்றது பெரும்பாலும் பணமே. மேதைமையை அரசால் உருவாக்க முடியாது. அதன் வழியிலுள்ள தடைகளை அகற்ற முடியும். ஒரு பாடத்தில் ஒளிர்ந்து மற்றவற்றில் தவறும் மாணவர்கள் உப்பளத் தொழிலாளர் வீடுகளிலும் இருப்பார்கள். மதிப்பெண் பட்டியலோடு நின்றுவிடாமல் அவர்களின் குறிப்பேட்டையும் பொறுமையாகப் படிக்கும் ஓர் ஆசிரியரோ அதிகாரியோ இன்றும் தேவைப்படுகிறார்.