ஏழைகளுக்கு வீடு கட்டிய பேக்கர்

குழந்தைகளே! கோடை விடுமுறையில் திருவண்ணாமலைக்குப் போயிருக்கிறீர்களா? பெரிய கோவிலைச் சுற்றியுள்ள தெருக்களில் பழைய ஓட்டு வீடு ஏதாவது கண்ணில் பட்டால், வீட்டுக்காரரைக் கேட்டுவிட்டு அதன் திண்ணையில் சற்று உட்கார்ந்து பாருங்கள். வெளியே வெயில் கொளுத்தினாலும் அங்கே குளுமையாக இருக்கும். பக்கத்து கான்கிரீட் வீட்டிலோ, மின்விசிறி சுற்றினாலும் வியர்த்துக் கொட்டும். இது ஏன் என்று வாழ்நாள் முழுவதும் யோசித்தவர் லாரி பேக்கர்.

இவர் 1917ம் ஆண்டு, மார்ச் 2ம் தேதி, இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் பிறந்தார். கட்டடக்கலை படித்து, 1937ல் பட்டம் பெற்றார். இரண்டாம் உலகப் போர் வந்தது. துப்பாக்கி ஏந்த அவர் மனம் ஒப்பவில்லை. ஆம்புலன்ஸ் குழுவில் சேர்ந்து சீனா சென்றார். அங்கே தொழுநோயாளிகளுக்குப் பணிவிடை செய்தார்.

உடல்நலம் குன்றி ஊர் திரும்பும் வழியில், கப்பலுக்காக மும்பையில் காத்திருந்தார். அப்போது காந்தியடிகளைச் சந்தித்தார். பேக்கர் அணிந்திருந்த, கந்தல் துணியில் தானே தைத்த காலணி காந்தியடிகளைக் கவர்ந்ததாம்! வீடு கட்டத் தேவையான பொருள்கள், கட்டும் இடத்தில் இருந்து 5 மைல், அதாவது 8 கிலோமீட்டருக்குள் கிடைப்பதாக இருக்க வேண்டும் என்ற காந்தியடிகளின் எண்ணம், பேக்கரின் மனதில் ஆழமாகப் பதிந்தது.

1945ல், தொழுநோயாளிகளுக்கான மருத்துவமனைகளைக் கட்டும் பணிக்காக அவர் இந்தியா வந்தார். 1948ல், கேரளாவைச் சேர்ந்த டாக்டர் எலிசபெத்தை மணந்தார். இருவரும் இமயமலைப் பகுதியான பித்தோராகருக்குச் சென்றனர். வந்திருப்பவர் டாக்டர் என்று தெரிந்ததும், நோயாளிகள் வந்து குவிந்தனர். சில நாள் தங்கப் போனவர்கள், 16 ஆண்டுகள் அங்கேயே இருந்துவிட்டனர்!

அங்குதான் பேக்கருக்கு ஒரு சோதனை. கல், மண், சாணம், மரம் இவற்றை வைத்துக் கட்டும் வித்தை, அவர் படித்த கல்லூரிப் பாடத்தில் இல்லை. மலைக்கிராம மக்களோ அழகாகக் கட்டினர். படித்தவன் என்ற கர்வத்தை விட்டு, அவர்களிடமே பாடம் கற்றார்.

1963ல் கேரளாவின் வாகமண் பகுதிக்கும், பின்னர் திருவனந்தபுரத்துக்கும் வந்தார். அங்கே ஏழைகளுக்குக் குறைந்த செலவில் வீடு கட்டினார். செங்கல்லைப் படுக்க வைக்காமல், பக்கவாட்டில் நிறுத்திக் கட்டினால் சுவரின் நடுவே வெற்றிடம் கிடைக்கும். செங்கல் நான்கில் ஒரு பங்கு மிச்சம்! நடுவில் உள்ள காற்று வெப்பத்தையும் தடுக்கும். கூரைத் தளத்தில் பழைய ஓடுகளைப் பதித்து, சிமென்டையும் கம்பியையும் மிச்சப்படுத்தினார். ஜன்னலுக்குப் பதில், செங்கற்களுக்கு இடையே துளை விட்டுக் காற்றை வரவழைத்தார். மரம் குறுக்கே நின்றால் அதை வெட்டமாட்டார். சுவரை வளைத்துக் கட்டுவார்.

செலவு குறைந்தால் தரமும் குறையும் என்று பலர் நினைத்தனர். பேக்கர் வாதம் செய்யவில்லை, கட்டிக் காட்டினார். பூந்துறை மீனவர்களுக்கான வீடுகளை, நேர் வரிசையாக இல்லாமல் முன்னும் பின்னுமாக அமைத்தார். அதனால், பின்னால் இருந்த வீட்டுக்கும் கடல் காற்று கிடைத்தது. வலை உலர்த்தவும், பிள்ளைகள் விளையாடவும் முற்றம் கிடைத்தது. ஏழை வீடுதானே என்று அவர் ஒருநாளும் ஏனோதானோவென்று வரைந்ததில்லை.

தான் கற்றதை ஒளித்து வைக்கவும் இல்லை. எல்லோருக்கும் புரியும்படி, தன் கையாலேயே படம் வரைந்து சிறு புத்தகங்கள் எழுதினார். 1985ல், இந்தப் பணிக்காக, 'காஸ்ட்போர்டு' என்ற அமைப்பை நண்பர்களுடன் சேர்ந்து தொடங்கினார். சென்னை அருகே முட்டுக்காட்டில் உள்ள தட்சிணசித்ராவிலும் அவரது கைவண்ணத்தைக் காணலாம்.

1989ல் இந்தியக் குடியுரிமையும், 1990ல் பத்மஸ்ரீ விருதும் பெற்றார். 2007, ஏப்ரல் 1ம் தேதி, 90வது வயதில் மறைந்தார்.

குழந்தைகளே! அடுத்த முறை கிரிவலம் போகும்போது, வழியில் தென்படும் கல், மண், செங்கல், ஓடு எல்லாவற்றையும் கவனியுங்கள். உங்கள் ஊரில், 8 கிலோமீட்டருக்குள் என்னென்ன கிடைக்கிறது என்று பட்டியல் போடுங்கள். அதை வைத்து ஒரு வீடு வரைந்து பாருங்களேன்!