சந்தேகப் பேர்வழியா தோமா?

எதைச் சொன்னாலும் நம்பாமல் கேள்வி கேட்பவரைச் சிலர் 'சந்தேகத் தோமா' என்று கேலி செய்வார்கள். அந்தத் தோமா யார் தெரியுமா?

இயேசுவின் 12 சீடர்களில் ஒருவர். 'தோமா' என்றால் அரமேய மொழியில் இரட்டையர் என்று அர்த்தம். கூடப் பிறந்தவர் யார் என்று பைபிளில் இல்லை.

யூதேயாவில் இயேசுவைக் கல்லெறிந்து கொல்லத் தேடினார்கள். அந்த நேரத்தில், லாசரு இறந்துபோனதால் இயேசு மறுபடி அங்கேயே கிளம்பினார். மற்ற சீடர்கள் தயங்கினார்கள். தோமாவோ, வாங்க, நாமும் அவரோடு போய்ச் சாவோம் என்றார். எவ்வளவு தைரியம் பாருங்க!

கடைசி இரவு விருந்தில், தான் போகும் இடத்துக்கு வழி உங்களுக்குத் தெரியும் என்றார் இயேசு. எல்லோரும் சும்மா இருக்க, போகிற இடமே தெரியாதபோது வழி எப்படித் தெரியும் என்று கேட்டவரும் தோமாதான்.

இயேசு சிலுவையில் இறந்த மூன்றாம் நாள், கதவைப் பூட்டிக்கொண்டு பயந்திருந்த சீடர்களுக்கு அவர் காட்சி தந்து, கைகளையும் விலாவையும் காட்டினார். அன்றைக்குத் தோமா அங்கே இல்லை. பிறகு வந்தவர், அந்தக் காயங்களைத் தொட்டுப் பார்த்தால்தான் நம்புவேன் என்று சொல்லிவிட்டார்.

இங்கேதான் நாம் கவனிக்கணும். கல்லறையிலிருந்து ஓடிவந்த பெண்கள் முதலில் செய்தி சொன்னபோது மற்ற சீடர்களும் நம்பவில்லையே! அவர்கள் கண்ணால் பார்த்ததைத்தானே தோமாவும் கேட்டார்? கெட்ட பெயர் மட்டும் அவருக்கு!

எட்டு நாள் கழித்து இயேசு மறுபடி வந்தார். தோமாவை விரட்டவில்லை. தொட்டுப் பார், இனி நம்பு என்று அழைத்தார். காணாமலே நம்புகிறவர்கள் பாக்கியவான்கள் என்றும் சொன்னார். தோமா உண்மையிலேயே தொட்டாரா? பைபிளில் இல்லை. ஆனால் அவரைத் தன் ஆண்டவர், தன் கடவுள் என்று அறிக்கையிட்டார்.

கி.பி. 52-ல் தோமா கேரளக் கரைக்கு வந்தார், கி.பி. 72-ல் சென்னையில் கொல்லப்பட்டார் என்பது மரபுவழி நம்பிக்கை. பரங்கிமலைக்குப் புனித தோமையார் மலை என்றும் பெயர் உண்டு. 'சாந்தோம்' என்ற பெயரும் அவரால் வந்ததே.

நண்பர்களே, வகுப்பில் புரியாமலே தலையாட்டுகிறோமே, ஏன்? நாலு பேர் சிரிப்பார்கள் என்ற பயம்தானே? தோமா பயப்படவில்லை. கேட்டார், பதில் கிடைத்தது, முழு மனதோடு ஏற்றுக்கொண்டார். நாமும் கேட்போமா?