மணலோடு மல்லுக்கு நின்ற ஸ்பிரிங் துரை

மயிலாப்பூர், திருவல்லிக்கேணிக் கடற்கரையில் காற்று வாங்காத சென்னைவாசி யார்? சாலையிலிருந்து அலையைத் தொட எவ்வளவு தூரம் மணலில் நடக்க வேண்டியிருக்கிறது! நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் இந்த மணல்வெளி இல்லை. கடல் சாலைக்கு வெகு அருகில் இருந்தது.

இந்த மணலின் போக்கை ஆராய்ந்தவர் ஸர் பிரான்சிஸ் ஸ்பிரிங்.

ரெயில்வே என்ஜினீயர்

1849-ம் ஆண்டில் பிறந்த ஸ்பிரிங், டப்ளின் டிரினிடி கல்லூரியில் படித்தவர். இந்தியாவுக்கு வந்து ரெயில்வே என்ஜினீயராகப் பல்லாண்டுகள் உழைத்தார். ஆறு திசை மாறிப் பாலத்தைக் கெடுக்காதபடி கரை கட்டி அடக்கும் முறை பற்றி நூல் எழுதினார். 1904-ல் சென்னைத் துறைமுக டிரஸ்டின் தலைவரானார். ஆற்றை அடக்கப் படித்தவருக்கு இப்போது கடலோடு போராட்டம்!

மணல் செய்த வம்பு

துறைமுக வேலை 1876-ல் தொடங்கியது. 1881-ல் வந்த புயல் சுவர்களைப் பெயர்த்து எறிந்தது. மீண்டும் கட்டினார்கள். ஆனால் புயலைவிடப் பெரிய எதிரி மணல்தான்.

தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் அலைகள் மணலைக் கரையோரமாக வடக்கே தள்ளும். வடகிழக்குப் பருவத்தில் ஒரு பகுதி தெற்கே திரும்பும். கூட்டிக் கழித்தால் வடக்கே போவதே அதிகம். ஆண்டுக்குப் பல லட்சம் டன்! குறுக்கே நின்ற துறைமுகச் சுவர் அதைத் தடுத்தது. மணல் தெற்கே குவிந்தது. கவர்னர் கிராண்ட் டப் 1884-ல் மெரினா என்று பெயரிட்ட கடற்கரை இப்படித்தான் அகன்றது.

துறைமுகத்தின் வாய் கிழக்கே பார்த்திருந்தது. மணல் அதையும் அடைக்கப் பார்த்தது. ஸ்பிரிங் காலத்தில் அந்த வாயை மூடி, வடகிழக்கில் புதுவழி திறந்தார்கள். தம் ஆராய்ச்சியை லண்டன் என்ஜினீயர் சங்கத்துக்கும் எழுதி அனுப்பினார்.

குமாஸ்தா ராமானுஜம்

1912 மார்ச்சில் அதே அலுவலகத்தில் 30 ரூபாய் சம்பளத்தில் ஒரு குமாஸ்தா சேர்ந்தார். அவர்தான் கணித மேதை ராமானுஜம்! அவர் அருமையை உணர்ந்து ஸ்பிரிங் ஆதரித்தார். 1913-ல் பல்கலைக்கழக உதவித்தொகை, மாதம் 75 ரூபாய், கிடைத்தது. மறு ஆண்டு ராமானுஜம் சீமைக்குக் கப்பல் ஏறினார்.

தெற்கே வரவு, வடக்கே செலவு

ஸ்பிரிங் 1919-ல் பதவி விட்டார். 1933-ல் காலமானார். மணலுக்கு மட்டும் ஓய்வில்லை. தெற்கே தங்கியது, வடக்கே சேர வேண்டிய மணல். அது வராததால் ராயபுரம், திருவொற்றியூர்ப் பக்கம் கடல் கரையைத் தின்றது. மீனவர் வீடுகளும் போயின. பாறாங்கற்களைக் கொட்டித்தான் கரையைக் காக்க வேண்டியிருக்கிறது.

மெரினாவில் நாம் மிதிக்கும் மணலில் வடசென்னை மீனவரின் பங்கும் இருக்கிறது. கடலில் சுவர் எழுப்புகிறவர்கள் இந்தக் கணக்கை மறக்கக் கூடாது.