கேள்வி கேட்டவரே விடை தேடினார்

வேலைத்தலத்திலோ, பயணத்திலோ, சில வேளை உங்கள் சொந்த வீட்டு விறாந்தையிலோ யாராவது உங்களை இப்படி மடக்கியிருக்கலாம். சூசையப்பரின் தகப்பன் யாக்கோபு என்கிறார் மத்தேயு. ஏலி என்கிறார் லூக்கா. ஒருவருக்கு இரண்டு தகப்பன்மார் இருக்க முடியுமா? உங்கள் வேதாகமம் தன்னையே மறுத்துப் பேசுகிறதே! நீங்கள் பதில் தெரியாமல் நின்றிருப்பீர்கள். அன்றிரவு செபம் சொல்லும்போதும் அக்கேள்வி முள்ளாய்க் குத்தியிருக்கும்.

அப்படியானால் புனித அகுஸ்தீனாரின் வாழ்க்கையைச் சற்றுத் திரும்பிப் பாருங்கள். அவரது காலத்திலேயே இது பழைய கேள்வி. இத்தகைய கேள்விகளைக் கேட்டுக் கிறிஸ்தவர்களைத் திணறடித்த கூட்டத்தில் அவரும் ஒருவராய் இருந்தார்.

அவர் 354ஆம் ஆண்டு நவம்பர் 13ஆம் திகதி, இன்று அல்ஜீரியா எனப்படும் நாட்டிலுள்ள தகாஸ்தே என்னும் ஊரிற் பிறந்தார். தாய் மோனிக்கம்மாள் பக்தி நிறைந்த கிறிஸ்தவப் பெண்மணி. மகனோ கல்வியிற் சிறந்து, கார்த்தேஜ் நகரிலே சொல்வன்மை பயின்றார். பத்தொன்பதாம் வயதில் சிசெரோ எழுதிய நூலொன்று அவருள்ளத்தில் ஞானத்தின்மீது தீராத தாகத்தை மூட்டியது. அத்தாகத்தோடு வேதாகமத்தைத் திறந்தார். பழைய இலத்தீன் மொழிபெயர்ப்பின் கரடுமுரடான நடையைக் கண்டார். சிசெரோவின் மிடுக்கு எங்கே, இது எங்கே என்று எண்ணி மூடி வைத்துவிட்டார்.

அவ்வேளையிற்றான் மானி மதத்தினர் அவரைப் பிடித்துக்கொண்டார்கள். விசுவாசம் வேண்டாம், அறிவே போதும் என்பது அவர்கள் வாக்குறுதி. பழைய ஏற்பாடு புதிய ஏற்பாட்டோடு மோதுகிறது, வம்ச வரலாறுகள் ஒன்றோடொன்று ஒவ்வாதவை என்று அவர்கள் அடுக்கடுக்காய்க் காட்டினார்கள். ஒன்பது ஆண்டுகள் அகுஸ்தீனார் அவர்களோடிருந்தார். படிப்பறிவு குறைந்த கிறிஸ்தவர்களோடு வாதாடி எளிதாய் வென்றார். அவ்வெற்றிகள் தமக்கு நஞ்சாய் அமைந்தன என்பதைப் பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார்.

நஞ்சு அவரோடு நிற்கவில்லை. ஒனோராத்துஸ் என்ற நண்பரையும் அவர் அதே மதத்துக்கு இழுத்துச் சென்றார். வீட்டிலோ, மகன் மறையை இகழ்வதைப் பொறாத தாய் சில காலம் அவரோடு ஒரே மேசையில் உண்ணவும் மறுத்தார். ஆனால் அவருக்காகக் கண்ணீர் வடிப்பதை மட்டும் நிறுத்தவில்லை.

மாற்றம் எப்படி வந்தது? கார்த்தேஜில் எல்பீதியுஸ் என்பவர் மானி மதத்தினரோடு பகிரங்கமாய் வாதாடி, வேதாகமத்திலிருந்தே அவர்களை மறுத்தார். அவர்கள் வெளியில் பதில் சொல்லத் தயங்கினார்கள். தனிமையிலே, புதிய ஏற்பாட்டை யாரோ திருத்திக் கெடுத்துவிட்டார்கள் என்றார்கள். கெடாத பிரதியைக் காட்ட மட்டும் அவர்களால் இயலவில்லை. இது அகுஸ்தீனாரின் மனதை உறுத்தியது. 383ஆம் ஆண்டளவில் அவர்களுடைய பேர்போன போதகர் பவுஸ்துஸ் வந்தார். இனிமையாய்ப் பேசினார், கேட்ட கேள்விகளுக்கு விடை அவரிடமும் இல்லை.

384ஆம் ஆண்டு அகுஸ்தீனார் மிலான் நகரிற் பேராசிரியரானார். ஆயர் அம்புறோசியாரின் பேச்சுத்திறனை எடைபோடவே முதலிற் கோவிலுக்குப் போனார். சொல்லை ரசிக்கச் சென்றவர் பொருளையும் கேட்டார். எழுத்தைப் பிடித்துக்கொண்டு தாம் எள்ளி நகையாடிய பகுதிகளுக்கு ஆழ்ந்த கருத்துண்டு என்பதை உணர்ந்தார். 387ஆம் ஆண்டு பாஸ்கா இரவில் அம்புறோசியாரின் கையால் ஞானஸ்நானம் பெற்றார். மோனிக்கம்மாள் அதைக் கண்குளிரக் கண்டு, அதே ஆண்டில் இறைவனடி சேர்ந்தார்.

வாசகரே, ஞானஸ்நானம் பெற்றதும் கேள்விகள் எல்லாம் தீர்ந்துவிட்டன என்று எண்ணாதீர்கள். 391இல் ஹிப்போ நகரில் குருவானதும், அவர் தம் ஆயரிடம் முதலில் வேண்டியது வேதாகமத்தைக் கற்க அவகாசமே. குருவான பின் எழுதிய முதல் நூல்களுள் ஒன்றை ஒனோராத்துசுக்கே அனுப்பினார். தாம் வழிதவறச் செய்த நண்பனுக்குத் தாமே வழிகாட்ட வேண்டும் என்ற கடன் அவரை வருத்தியது.

பின்பு ஆயராகி, 400ஆம் ஆண்டளவில் நற்செய்தியாளர்களின் ஒருமைப்பாடு பற்றி நான்கு நூல்கள் எழுதினார். யாக்கோபும் ஏலியும் பற்றிய சிக்கலுக்கு, ஒருவர் பெற்ற தந்தை, மற்றவர் சுவீகாரத் தந்தை என்று விளக்கம் தந்தார். வயோதிபத்தில் தம் நூல்களை மீளப் படித்தபோது, பிள்ளையின்றி இறந்தவனின் மனைவியை உறவினன் மணந்து அவனுக்குச் சந்ததி உண்டாக்கும் யூத வழக்கத்தையும் கருதியிருக்க வேண்டும் என்று தம்மையே திருத்திக்கொண்டார்.

மற்றொன்றையும் பாருங்கள். முப்பது வெள்ளிக்காசு பற்றிய இறைவாக்கை மத்தேயு எரேமியாசின் பெயரிற் சொல்கிறார். அதற்கு நெருங்கிய வாக்கியமோ சக்கரியாசில் இருக்கிறது. சில பிரதிகளில் எரேமியாசின் பெயர் இல்லை. அவற்றைக் காட்டி அகுஸ்தீனார் தப்பியிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. பெரும்பாலான பிரதிகளில் அப்பெயர் உண்டு. சிக்கலைத் தவிர்க்க ஒருவர் அதை நீக்கியிருக்கலாமேயன்றி, வீணே சேர்த்திருக்க மாட்டார் என்று நேர்மையாய் எழுதினார்.

405ஆம் ஆண்டளவில் எரோணிமுசாருக்கு எழுதிய கடிதத்தில் தமது முறையையும் தெளிவாக்கினார். மறைநூலில் உண்மைக்கு மாறாய் ஒன்று தோன்றினால், பிரதி பிழையாயிருக்கலாம், மொழிபெயர்த்தவர் கருத்தைத் தவறவிட்டிருக்கலாம், அல்லது தாமே விளங்கிக்கொள்ளாதிருக்கலாம் என்பதே அம்முறை.

அவர் தந்த விடைகள் எல்லாம் இன்று நம்மைத் திருப்திப்படுத்துவதில்லை. அப்போஸ்தலர்கள் கோல் கொண்டுபோகலாம் என்கிறார் மாற்கு. கூடாது என்கிறார் மத்தேயு. கோல் என்பதற்கு இரண்டு பொருள் கற்பித்து அவர் தந்த விளக்கத்தை இன்றைய வேத அறிஞர் பலர் ஏற்பதில்லை. நற்செய்தியாளர்கள் தமக்குக் கிடைத்தவற்றுட் சிலவற்றைத் தெரிந்து, சுருக்கி, தத்தம் சபைகளின் நிலைமைக்கேற்ப எழுதினார்கள் என்று 1965ஆம் ஆண்டு இரண்டாம் வத்திக்கான் சங்கம் கற்பித்தது. ஆனாலும் கேள்விக்கு அஞ்சாமலும், கள்ளமின்றியும் விடை தேடும் அவரது வழி பழுதாகவில்லை.

தமது மக்களுக்கு வம்ச வரலாற்றைப் பற்றிப் பிரசங்கிக்கையில், இளமையில் தாமும் இதில் ஏமாந்ததை அவர் மறைக்கவில்லை. தேடும் மனதோடு வராமல் வாதாடும் மனதோடு வந்தமையே தமது பிழை என்றார். ஆகவே நாளை உங்களிடம் இக்கேள்வியைக் கேட்பவரைப் பகைக்காதீர்கள். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். பின் இருவருமாய்ப் புத்தகத்தைத் திறவுங்கள். உங்களை மடக்க வந்தவர் இன்னொரு அகுஸ்தீனாராய் இருக்கலாம் அல்லவா?

430ஆம் ஆண்டு வண்டாலர் படை ஹிப்போவை முற்றுகையிட்டிருந்த வேளை அவர் நோயிற் கிடந்தார். மனஸ்தாப சங்கீதங்களை எழுதுவித்துக் கட்டிலருகே சுவரில் ஒட்டச் செய்து, அவற்றைப் படித்துப் படித்து அழுதார். ஆகஸ்ட் 28ஆம் திகதி உயிர் நீத்தார். அழகில்லை என்று இளமையில் அவர் மூடி வைத்த அதே புத்தகத்தின் வரிகளே, அவர் கண்கள் கடைசியாய்ப் பார்த்துக் கிடந்தவை.