நாடகத் திரை வரைந்த கை: ஓவியர் சி. கொண்டையராஜு



லயக் காம்பராக்களில் பூசைக்கென்று தனி அறை ஏது? கடைக்காரர் தந்த கலண்டரில் இருந்த முருகனையோ அம்மனையோ கண்ணாடிச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டி, அதன்முன் விளக்கேற்றியே நம்மவர் பலர் வழிபட்டனர். அவ்வகைப் படங்களுக்கு வழிகாட்டியாய் விளங்கிய ஓவியர் ஒருவரை இம்மலரில் நினைவுகூருதல் நம் கடமையாகும்.

சி. கொண்டையராஜு அவர்கள் 1898ஆம் ஆண்டு சென்னையில் பிறந்தார். அங்குள்ள ஓவியப் பள்ளியிலே முறையாகப் பயின்றார். துறவு நாட்டங்கொண்டு திருவண்ணாமலை சென்று, ரமண மகரிஷியின் ஆசிரமத்தில் சிலகாலம் தங்கினார். பின்னர் நாடகக் கம்பனி ஒன்றில் திரைச்சீலை ஓவியராகச் சேர்ந்தார்.

மின்சார வித்தைகள் பெருகாத அக்காலத்தில் நாடகத்துக்கு உயிர் கொடுத்தவை திரைச்சீலைகளே. ஒரு சீலை சுருண்டு மேலேற, மற்றொன்று இறங்கும். கண நேரத்தில் அரண்மனை காடாகிவிடும். கடைசி வரிசையில் இருப்பவருக்கும் விளங்கும்படி வரைய வேண்டும்.

1940களில் அந்தக் கம்பனி கோவில்பட்டியில் கலைந்தது. பிழைப்பு போயிற்று. ஆயினும் அவர் மனந்தளராது அவ்வூரிலேயே தங்கி, மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு, தேவி ஆர்ட் ஸ்டூடியோவை நடத்தினார். 1950கள் முதல் அருகிலுள்ள சிவகாசி அச்சகங்கள் அவருடைய தெய்வப் படங்களைக் கலண்டர்களாக அச்சிட்டன.

நாடக மேடையில் கற்றது வீண்போகவில்லை. அவர் படங்களிலே தெய்வம் நம்மை நேரே நோக்கி நிற்கும். பின்னால் தூண்களும் மலையும் ஆறும் திரைச்சீலைபோல் விரியும். பட்டும் சரிகையும் கிரீடமும் மேடை வேடம்போல் மின்னும். கோயிலுக்குப் போக இயலாதவருக்கும் வீட்டிலேயே தரிசனம் கிட்டியது.

திருமணம் செய்யாது வாழ்ந்த அவருக்கு மாணவர்களே பிள்ளைகள். டி.எஸ். சுப்பையா போன்ற மாணவரின் பெயரையும் தம் பெயரோடு படத்தில் சேர்த்து இட்டார். பெயர் தமக்கு மட்டுமே என்று எண்ணாத பெருந்தன்மை அது. 1976இல் அவர் மறைந்தார்.

நிறம் மங்கிய சாமி படங்களை நாம் கோயில் மரத்தடியில் வைத்துவிட்டுப் போகிறோம். இனி அவ்வாறு வைக்குமுன் படத்தின் ஓரத்திலுள்ள சிறிய எழுத்தைச் சற்றுப் பாருங்கள். கொண்டையராஜு என்றிருந்தால், நம் பெற்றோரைக் கைகூப்ப வைத்த அந்தக் கைக்கும் ஒரு கும்பிடு போடுவோமாக.